அரிவாள் ராத்தா

புத்தளத்துத் தில்லையடியில் இறங்கி, "அரிவாள் ராத்தாட வீடு எங்க?" என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டி வழி காட்டிவிடுவார்கள். ஊருக்குப் புதியவர்தான் அந்தப் பெயரைக் கேட்டதும் ஒருமுறை யோசிப்பார். யாரையோ வெட்டிவிட்டு மறியலில் கம்பி எண்ணி வந்தவள் போலிருக்கிறது, போகத்தான் வேண்டுமா என்று நினைப்பார். துணிந்து போய்ப் படலையைத் திறந்தால், பிளாஸ்டிக் கதிரைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்துக்கொண்டு, நாலைந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்தபடி, ஈரக் கையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டு வருவாள். கட்டையான உருவம், அதற்குப் பொருந்தாத பெரிய குரல். பெயர் பளீலா, ஊருக்கெல்லாம் ராத்தா என்கிற அக்கா. கலியாண வீடுகளுக்குக் கதிரையும் தட்டும் வாடகைக்கு விடுவது அவள் தொழில். கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது பள்ளிவாசல் ஒலிபெருக்கியால். அதைச் சொல்வதற்கு முன் அவளுடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களில் பளீலாவுடையதும் ஒன்று. வரும்போது பள்ளிக்கூடம் போகிற சிறுமி. இங்கேயே வளர்ந்து, ஓலைக் கொட்டிலுக்குள்ளேயே ஃபைஸலைக் கலியாணம் முடித்தாள். அவனுடைய சின்ன லொறியும் அவளுடைய வாயும்தான் கதிரைக் கடைக்குப் போட்ட முதல். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் தெருவில் பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மன்னாருக்கே திரும்பினார்கள். ஃபைஸலுக்கும் ஊர் ஆசை வந்துவிட்டது. பளீலா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மன்னாருக்குப் போனால் சிலாபத்து கிளினிக் எட்டாக் கையாகிவிடும். ஸும்ராவுக்கு அந்த கிளினிக் வேண்டும்.

ஸும்ரா ஒரே மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே விரல்கள் வீங்கி வீறிட்டு அழுவாள். கண்ணூறு என்றார்கள், ஓதிப் பார்த்தார்கள். காற்றுப் பட்டது என்று எண்ணெய் பூசினார்கள். கடைசியில் இரத்தத்தைச் சோதித்த டொக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். உம்மாவிடமிருந்து பாதி, வாப்பாவிடமிருந்து பாதி என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளைக்கு வந்த நோய். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஒன்றும் செய்யாது. பிள்ளையின் இரத்தத்தில்தான் வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து, இரத்தக் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எலும்புக்குள் வலி. அந்த வலியைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து பளீலாவின் வாழ்க்கை இரண்டே வேலையாகிப் போனது. ஒன்று, மகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்வது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பதால் ஃபில்டர் தண்ணீர் வாங்கி, போத்தல் போத்தலாக வீடு முழுக்க வைத்திருந்தாள். மற்றது, கிளினிக் செவ்வாய்களில் விடியப் புறத்தில் பஸ் ஏறி, கொண்டக்டரோடு சண்டை பிடித்து மகளுக்கு ஜன்னலோரத்து ஆசனம் எடுப்பது. கழுதை குறுக்கே போய் பஸ் தாமதித்தால் கழுதைக்கும் ஏச்சு விழும்.

இப்படியே பிள்ளை வளர்ந்து, பள்ளிக்கூடத்துக் கடைசி ஏ.எல். சோதனையும் எழுதிவிட்டது. அதற்குப் பிறகுதான் பளீலாவின் தலையில் இடி விழுந்தது. ஒரு திங்கட்கிழமை இரவுச் சோறு தின்றுகொண்டிருந்த ஸும்ரா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நாளைக்கு நான் கிளினிக்குக்கு வரல்ல உம்மா."

"ஏன், வேற என்ன வேலை?"

"வேலை ஒண்டும் இல்ல. எனக்கு அலுத்துப் போச்சு. இந்த ஊர்ல எத்தின ஆயிரம் சனம் இரிக்கி? இந்த வருத்தம் எனக்கு மட்டும்தான். எனக்கு மட்டும் குளிசை, எனக்கு மட்டும் ஊசி, எனக்கு மட்டும் போத்தல்."

"உனக்கு மட்டும் இல்ல மகள். வேற ஆக்களும் இரிக்காங்க."

"எங்க? ஒருத்தரைக் காட்டுங்க, வாறேன்."

பளீலாவுடையது கொண்டக்டரையும் கழுதையையும் அடக்கிய வாய்தான், ஆனால் காட்டுவதற்கு ஓர் ஆள் இல்லை. கிளினிக்கில் பலரும் வருவார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் வேறு வகை இரத்த நோய்க்காரர்கள், தூரத்து ஊர்க்காரர்கள். புத்தளத்துக்காரர் யாராவது வந்திருந்தால் இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வீட்டில் குமர்ப் பிள்ளைகள் இருக்கும்போது பரம்பரையில் ஒரு வருத்தம் இருக்கிறது என்று யார் காட்டிக்கொள்வார்கள்? கலியாணப் பேச்சு அதோடு நின்றுவிடும். பளீலாவின் வாடகைக் கதிரைகள் எத்தனையோ கலியாணப் பேச்சுகளைக் கேட்டவை. அவளுக்கு அது தெரியும்.

அந்தச் செவ்வாய் ஸும்ரா போகவில்லை. குளிசை அலுமாரிக்குள் போய்விட்டது. கெஞ்சியும் பார்த்தாள், ஏசியும் பார்த்தாள். ஃபைஸல் கண் கலங்கியும் பார்த்தான். பிள்ளை மசியவில்லை. அடுத்த வலி எப்போது வரும், வந்தால் எவ்வளவு பெரிதாக வரும் என்று யாருக்கும் தெரியாது.

மகள் வராவிட்டாலும் தாய் தனியாகவே பஸ் ஏறி சிலாபத்துக்குப் போனாள். கிளினிக்கில் மயூரதி என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி. உடப்பு ஊர்க்காரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பளீலா கேட்டாள்.

"புத்தளத்தில இந்த வருத்தம் உள்ள ஒரு குடும்பம், ஒண்டே ஒண்டு, பேரைச் சொல்லுங்க மிஸ்ஸி. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

"பேர் சொல்லக் கூடாது அக்கா. அது பெரிய பிழை. ஆனா நீங்க தனிய இல்ல. அதை மட்டும் சொல்லுறன்."

"அப்ப நானே அவங்களைக் கூப்பிட்டா?"

மயூரதி யோசித்தாள். "நீங்க கூப்பிட்டு, அவங்க தாங்களா வந்தா, எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. நானும் வந்து விளக்கம் சொல்லுறன்."

அப்படித்தான் கூட்டம் முடிவானது. வெள்ளிக்கிழமை பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு, கதிரைக் கடை முற்றத்தில். கதிரைக்குப் பஞ்சமா?

அறிவித்தலை பளீலா அழகாக எழுதி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் லத்தீபுக்குக் கொடுத்தனுப்பினாள். "அரிவாள் உயிரணு நோய் உள்ள குடும்பங்களுக்கான கூட்டம்" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். லத்தீப் மோதினார் தங்கமான மனுசன். ஒரு எறும்புக்கும் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர். தாளை வாங்கிப் படித்தவருக்கு மனது கேட்கவில்லை. நோய் என்ற சொல்லை ஊரறிய ஒலிபெருக்கியில் சொன்னால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன மரியாதை? அதை விட்டுவிட்டார். உயிரணு என்ற சொல் அவருக்கு அணுகுண்டு போலக் கேட்டது. ஜும்ஆ நாளில் அது எதற்கு என்று அதையும் விட்டுவிட்டார். மிச்சத்தைக் கணீரென்று வாசித்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அரிவாள் உள்ள குடும்பங்களுக்கு ஓர் அறிவித்தல். இன்று அஸர் தொழுகைக்குப் பின்னர் பளீலா கதிரைக் கடை முற்றத்தில் கூட்டம் நடைபெறும். உரியவர்களுக்கு உதவிகள் வழங்கப்படும்."

அடுப்படியில் நின்ற பளீலாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. வெளியே லொறியைக் கழுவிக்கொண்டிருந்த ஃபைஸல் ஓடி வந்தான்.

"என்னடி இது? அரிவாள் உள்ள குடும்பங்களாம்?"

"நான் அப்படி எழுதல்லங்க!"

"எழுதினியோ இல்லையோ, சொல்லியாச்சு. இனி பாரு."

அவன் சொன்னது சரியாகப் போயிற்று. அகதியாக வந்து வாழ்ந்த ஊர் அது. கூட்டம் என்றால் ஏதோ ஒன்று கொடுப்பார்கள், பிந்திப் போனால் முடிந்துவிடும் என்று ஊருக்கே பழக்கம். அஸர் தொழுகை முடிந்ததும் நாலு பக்கத்திலிருந்தும் சனம் வரத் தொடங்கியது. ஆடு வளர்ப்பவர்கள் புல் வெட்டுகிற அரிவாளோடு வந்தார்கள். வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவர் பிடி மட்டும் கொண்டு வந்தார், அலகு எப்போதோ தொலைந்துவிட்டதாம். தெருக் கோடியிலிருந்த கிழவி ஒருத்தி அரிவாமணையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

"இது அரிவாமணை உம்மா," என்றான் ஃபைஸல்.

"இதிலயும் அரிவாள் இரிக்கிதானே மகன்? பேரைப் பாரு."

அவன் இன்னும் கதிரை எடுக்கப் போனான்.

உள்ளே ஸும்ரா கொதித்துக்கொண்டிருந்தாள். "என்ட மானத்தை வாங்கிட்டீங்க உம்மா. ஊரே சிரிக்கப் போகுது." பளீலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்காகக் கூட்டிய கூட்டம், என்னவாகிப் போனது! மறைந்து வாழ்கிற ஒரு குடும்பம் இந்தச் சந்தைக்குள் எப்படி வரும்? ஆனால் முற்றம் நிறைந்துவிட்டது. மயூரதியும் ஓட்டோவில் வந்து இறங்கி, கத்திகளும் அரிவாள்களுமாக இருந்த சனத்தைப் பார்த்துவிட்டுப் படலையிலேயே நின்றுவிட்டாள்.

அழுவதற்கு நேரம் இல்லை. அன்றைக்கு அதிர்ஷ்டவசமாக லோறன்ஸ் அங்கே இருந்தார். கற்பிட்டிப் பக்கத்து வெல்டிங்காரர், உடைந்த இரும்புக் கதிரைகளுக்குக் கால் ஒட்ட வந்திருந்தார். பளீலா அவருடைய கிரைண்டரைப் பார்த்தாள். சனத்தின் கையைப் பார்த்தாள்.

"லோறன்ஸ் அண்ணன், இதெல்லாம் கூர் போட்டுத் தர ஏலுமா?"

"எல்லாத்தையுமா?" லோறன்ஸ் முற்றத்தை ஒருமுறை பார்த்தார். "நல்ல தேத்தண்ணி தந்தா ஏலும் தங்கச்சி."

பளீலா ஒரு கதிரைமேல் ஏறி நின்றாள். "எல்லாரும் கேளுங்க! அரிவாள் புதுசா ஒண்டும் குடுக்கிற இல்ல. ஆனா கொண்டு வந்ததைக் கூர் போட்டுத் தருவம், சல்லி இல்லாம. வரிசையில இரிக்கணும். இரிக்கிற நேரம் இந்த மிஸ்ஸி சொல்றதைக் கேக்கணும். கேக்காத ஆளுக்குக் கூர் இல்ல!"

சனம் முணுமுணுத்தது. பிறகு உட்கார்ந்தது. ஓசியில் கிடைக்கிற கூரை யார் விடுவார்கள்?

மயூரதி கெட்டிக்காரி. கொண்டு வந்த படங்களைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, முன்வரிசையில் இருந்த ஒருவரின் மடியிலிருந்து அரிவாளை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"இதைச் சாக்குக்குள்ள போட்டா என்ன நடக்கும் ஐயா?"

"மாட்டும். இழுத்தாலும் வராது."

"அதுதான். எங்கட ரத்தத்தில ஓடுற சின்னச் சின்னத் துண்டுகள் உளுந்து வடை மாதிரி வட்டமா இருக்கணும். சில பிள்ளையளுக்கு அது இந்த அரிவாள் மாதிரி வளைஞ்சிரும். வளைஞ்சா ரத்த நரம்புக்குள்ள மாட்டும். மாட்டுற இடத்தில வலிக்கும்."

எல்லோரும் தத்தம் மடியைப் பார்த்தார்கள். மடியிலிருந்த அரிவாளைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கப் போகிறது? கேள்விகள் வந்தன. தொத்துமா? தொத்தாது. ஒரே கோப்பையில் குடித்தால்? ஒன்றும் ஆகாது. கலியாணம் முடிக்கலாமா? தாராளமாக முடிக்கலாம், முடிக்கிறதுக்கு முதல் இரண்டு பேரும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டால் நல்லது. அரிவாமணைக் கிழவி மட்டும், "சீனி வருத்தத்துக்கும் இதுதானா காரணம்?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் மயூரதி இல்லை என்றாள்.

கிரைண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. வரிசை நகர்ந்தது. கறுப்பு அபாயா போட்ட ஒரு இளம் பெண் தன் முறை வந்ததும் பேப்பரில் சுற்றியிருந்த அரிவாளை எடுத்து நீட்டினாள். லோறன்ஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது புத்தம் புதுசு. விலை ஒட்டினதும் அப்பிடியே இருக்கு. இதுக்கு என்னத்துக்குக் கூர்?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். போகவும் இல்லை. பளீலா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். றைஸா. இரண்டு தெரு தள்ளி இருப்பவள். போன வருடம் அவள் வீட்டு விசேஷத்துக்குக் கதிரை கொடுத்திருக்கிறாள். முற்றமெல்லாம் சீமெந்து பூசிய வீடு அது. ஒரு புல்லுக்கூட முளைக்காத வீட்டில் அரிவாள் எதற்கு? அறிவித்தலைக் கேட்டதும் இவளுக்கு அது எந்த அரிவாள் என்று விளங்கியிருக்கிறது. சனம் போவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறாள். எல்லோரும் அரிவாளோடு போகிறார்கள், நானும் ஒன்றோடு போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

நோய் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் இவள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாள். பளீலாவுக்கு லத்தீப் மோதினாரின் கையைப் பிடித்துக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

"புது அரிவாளுக்கு எண்ணெய் பூசணும், இல்லாட்டிக் கறள் புடிக்கும்," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "உள்ளுக்கு வாங்க றைஸா, பூசித் தாறன்."

அடுப்படியில் ஸும்ரா முகத்தை நீட்டிக்கொண்டு சனத்துக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். றைஸா கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவிலேயே சாய்ந்தாள். சொற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன.

"என்ட மகளுக்கு ராத்தா. நாலு வயசு. கை ரெண்டும் வீங்கும். சிலாபத்திலதான் காட்டுற, முகத்தை மூடிட்டுப் போய் ஆரையும் பாக்காம ஓடி வந்திருவன். மாமிக்கும் தெரியாது. மதினிக்குக் கலியாணம் பேசுறாங்க, தெரிஞ்சா முறிஞ்சிரும் எண்டு இவர் சொல்லக் கூடாது எண்டுட்டார். நான் ஆரோடயும் கதைச்சதே இல்ல." அவள் குரல் இறங்கியது. "ஒண்டே ஒண்டு கேக்கணும். இந்த வருத்தம் உள்ள புள்ளையள் வளருமா ராத்தா? பெரிய ஆளாகுமா? நான் அப்படி ஒரு ஆளைக் கண்டதே இல்ல."

பளீலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்கு முன் கேத்தல் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அதுதான்," என்றாள் ஸும்ரா.

றைஸாவுக்கு விளங்கவில்லை. "என்னது?"

"அந்த வருத்தம். எனக்கும் அதுதான். பொறந்ததில இரிந்து."

றைஸா அவளைப் பார்த்தாள். காலில் தொடங்கி உச்சி வரை, பிறகு உச்சியிலிருந்து கால் வரை பார்த்தாள். ஸும்ரா வாப்பாவைக் கொண்டு பிறந்தவள், நல்ல உயரம். றைஸா கிட்டே வந்து, இரண்டு கையாலும் அவள் தோளைத் தொட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டாள். கண் பொல பொலவென்று கொட்டியது.

"வளர்ந்திரிக்கீங்களே," என்றாள். "மாஷா அல்லாஹ், இவ்வளவு உயரத்துக்கு வளர்ந்திரிக்கீங்களே."

ஸும்ராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை காலமும் அவளைப் பார்த்தவர்கள் பாவம் என்று பார்த்தார்கள், பயத்தோடு பார்த்தார்கள். இப்படிப் பெருநாள் பிறையைக் கண்டது போல ஒருவரும் பார்த்ததில்லை. தன்னைப் போல ஒருத்தியைக் காட்டு என்று உம்மாவிடம் அடம் பிடித்தவள் அவள். இங்கே ஒருத்தி அவளையே தேடிக்கொண்டு வந்து நிற்கிறாள். அவளும் அழுதாள். பளீலா இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். வெளியே அரிவாமணைக் கிழவி தேத்தண்ணி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது மாதத்தில் ஒரு வெள்ளி அந்த முற்றத்தில் அரிவாள் கூட்டம் நடக்கிறது. பெயரை மாற்ற வேண்டாம் என்று பளீலா சொல்லிவிட்டாள். லோறன்ஸின் கிரைண்டர் ஒரு பக்கம், மயூரதியின் பேச்சு ஒரு பக்கம். கூருக்கு வருபவர் யார், நோய்க்கு வருபவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆலங்குடாவிலிருந்து ஒரு மீன்பிடிக் குடும்பம் வருகிறது, உடப்பிலிருந்து ஒரு தாய் வருகிறாள். அவசரத்துக்கு ஃபைஸலின் லொறி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. தண்ணீர் குடிக்க விடாத ஆசிரியர் யாராவது இருந்தால் பளீலா நேரே பள்ளிக்கூடத்துக்குப் போவாள், அதற்குப் பிறகு அந்த ஆசிரியரே போத்தலை நீட்டுவார். கலியாணக் கதிரை கேட்டு வருகிறவர்களிடம், "மாப்பிள்ளை பொண்ணு ரத்தம் பார்த்தாச்சா?" என்று கேட்காமல் அவள் கதிரையில் கை வைப்பதில்லை. முதலில் கோபப்பட்டார்கள். ஊரில் வேறு கதிரைக் கடை தூரம் என்பதால் பழகிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பிறகு வந்தது. அந்த முதல் வெள்ளிக்கு அடுத்த செவ்வாயைத்தான் சொல்ல வேண்டும்.

விடியப் புறத்தில் பளீலா எழும்பியபோது ஸும்ரா ஏற்கெனவே உடுத்து முடித்திருந்தாள். குளிசையையும் கையில் எடுத்திருந்தாள். பளீலா ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் மனம் மாறிவிடுமோ என்ற பயம். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது றைஸா அங்கே நின்றாள், தூக்கக் கண்ணோடு மகள் இடுப்பில். றைஸாவின் தெருக்காரி ஒருத்தியும் நின்றாள்.

"காலங்காத்தால எங்க பயணம் றைஸா?" என்று கேட்டாள் அவள்.

றைஸா ஒரு மூச்சு எடுத்தாள். "கிளினிக்குக்கு," என்றாள். "மகளைக் காட்ட."

சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. ஆனால் வானம் இடிந்து விழவில்லை. தெருக்காரி, "அல்லாஹ் சுகமாக்குவான்," என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு போனாள்.

சிலாபம் பஸ் வந்தது. கொண்டக்டரோடு மோதுவதற்குப் பளீலா முந்தானையை இழுத்துச் செருகினாள். அதற்குள் ஸும்ரா சின்னவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரத்தில் அவளை இருத்தி, தான் பக்கத்தில் இருந்துவிட்டாள். றைஸாவுக்குப் பின்னால் ஏறப் போன பளீலாவை ஜன்னல் வழியாகத் தடுத்தாள்.

"நீங்க என்னத்துக்கு உம்மா? வீட்ட போங்க. இவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் இல்லாம எப்படி மகள்?"

"எனக்குப் பாதை தெரியும்தானே. எத்தின வருசமாப் போறேன்."

பஸ் புறப்பட்டுவிட்டது. சின்னவள் ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டினாள். யாருக்கு ஆட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பளீலா நின்ற இடத்திலேயே நின்று திருப்பி ஆட்டினாள். மகளைப் பெற்ற நாளிலும் அவள் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் நின்றாள். ஸும்ரா பிறந்த பிறகு முதல் தடவையாக ஒரு கிளினிக் செவ்வாய் அவள் கையில் சும்மா கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.